மாடி எடுத்தோம், ஏற ஆளில்லை

எதிர் வீட்டில் மாடி எடுக்கிறார்கள். ஒரு மாதமாக எங்கள் வரிசையில் இதுதான் பேச்சு. காலையில் கதவைத் திறந்தால் ஈரச் சிமெண்டு வாசம் வந்து மூக்கில் ஏறுகிறது. மற்றவர்களுக்கு அந்த வாசத்தில் தும்மல் வரும். எனக்குப் பசி வரும். சிரிக்காதீர்கள், உண்மையைத்தான் சொல்கிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது, வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தால் அதுவும் வந்துவிடும்.

நேற்று ஒரு பெரிய லாரி வந்தது. முதுகில் பெரிய உருளை ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. குழாயை நீட்டினார்கள், மாடித் தளத்துக்குச் சிமெண்டைக் கொட்டினார்கள், போய்விட்டார்கள். நான் உள்ளே போய்க் கஞ்சியைக் குடித்துவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த வீட்டுப் பெண் சின்ன வயதுக்காரி, ஒரே ஒரு பிள்ளை. வேலியோரம் வந்து நின்று கைப்பேசியில் படம் காட்டினாள்.

"ஆன்ட்டி, இது எங்க ரூமு. இது ஆபீஸ் ரூமு. இது துணி வைக்கிற ரூமு."

துணிக்கு ஒரு ரூமா என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். "சாமி எங்கம்மா?" என்றேன்.

"சாமி கீழதான் ஆன்ட்டி."

"அப்ப சாமிக்கு நேரா மேல யாரு படுக்கிறா?"

அவள் கைப்பேசியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அலமாக், ஐயோ, அதெல்லாம் யோசிக்கவே இல்லையே ஆன்ட்டி" என்று சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். யோசிக்காமல் மாடி எடுத்துவிட்டு நாங்கள் பட்ட பாடு அவளுக்கு எங்கே தெரியப்போகிறது.

எங்கள் வீடு மாசாயில், இந்தத் தாமான் குடியிருப்பின் கடைசி வரிசையில் இருக்கிறது. இன்றைக்குப் பார்த்தால் நல்ல மாடி வீடு. அன்றைக்கு ஒற்றைத் தளம்தான். இரண்டு அறை, நடுவில் ஒரு கூடம், பின்னால் அடுப்பங்கரை. கூடத்துச் சுவரில் சாமி மேடை. இதற்குள் ஒன்பது பேர் இருந்தோம். நான், என் வீட்டுக்காரர், எங்கள் மூன்று பிள்ளைகள். அப்புறம் அவருடைய தம்பி ராஜு, ராஜுவின் மனைவி செல்வி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். அண்ணன் தம்பி இருவருக்கும் பாசிர் கூடாங் துறைமுகத்துப் பக்கம் வேலை. அவர் லாரி ஓட்டுவார், ராஜு கிடங்கில் சரக்குப் பார்ப்பான். எனக்கும் செல்விக்கும் ஒரே ஃபேக்டரி. ரேடியோவுக்குள் இருக்கும் பலகையில் சின்னச் சின்னக் கம்பிகளைக் குத்துகிற வேலை.

ஒன்பது பேர் எப்படிப் படுத்தோம் என்று கேட்பீர்கள். பெரியவர்களுக்கு ஜோடிக்கு ஓர் அறை. பிள்ளைகள் ஐந்தும் கூடத்தில், மத்தி மீனை டப்பாவில் அடுக்கியது போல. ராஜு நல்ல உயரம். அவன் அறையில் கட்டில் போட்டால் கதவு சாத்தாது, ஆகையால் தரையில் படுப்பான். அப்போதும் கால் இரண்டும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். விடியற்காலையில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் எல்லாரும் ராஜுவின் காலைத் தாண்டித்தான் போகவேண்டும். தாண்டினால் வளரமாட்டான் என்பார்களே, "இதுக்கு மேல இவன் வளர வேணாம், நல்லாத் தாண்டுங்க" என்று அவர் சொல்வார்.

செல்வி எனக்கு ஓரகத்தி. ஓரகத்தி என்றாலே குழாயடிச் சண்டை என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. எங்களுக்குச் சண்டை போட நேரமே கிடைக்கவில்லை. அவள் காலை ஷிப்டு என்றால் நான் மத்தியான ஷிப்டு, நான் காலை என்றால் அவள் மத்தியானம். ஃபேக்டரி பஸ் மூன்று மணிக்கு முச்சந்தியில் வந்து நிற்கும். ஒருத்தி இறங்குவாள், ஒருத்தி ஏறுவாள். பள்ளிக்கூடம் போகாத சின்னப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு போய் அங்கேயே ஒப்படைத்துவிட்டு ஏறுவோம். இறங்குகிறவர்கள் இறங்கி, ஏறுகிறவர்கள் ஏறி முடிக்க மூன்று நிமிடம் ஆகும். அந்த மூன்று நிமிடத்தில்தான் இரண்டு குடும்பமும் நடந்தது.

"கறி சட்டியில இருக்கு, பூன வருது பாத்துக்க. கலாவுக்குக் காய்ச்சல் எறங்கிருச்சு. சின்னவன் காசு முழுங்கிட்டேன்னு சொல்றான், நம்பாத, பாக்கெட்டுல பாரு."

"சரிக்கா. உங்க சீட்டுல கம்பி தீந்துபோச்சு, போனதும் கேட்டு வாங்கிக்கிருங்க."

அவ்வளவுதான். பஸ் போய்விடும். கலா என் கடைசிப் பெண். அவளுக்கும் செல்வியின் சின்னவனுக்கும் இரண்டு மாதம்தான் வித்தியாசம். நான் ஷிப்டில் இருக்கும்போது கலா பாலுக்கு அழுதால் செல்வி தன் மடியில் போட்டுக்கொள்வாள். என்னிடம் அவள் கேட்டதும் இல்லை, நான் அவளிடம் நன்றி என்று சொன்னதும் இல்லை. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. கொஞ்சம் கர்வக்காரி நான், இன்றைக்கும் அப்படித்தான்.

பிள்ளைகள் வளர வளரக் கூடம் சின்னதாகிக்கொண்டே போனது. ஒரு தீபாவளிக்கு மறுநாள், மிச்சமிருந்த முறுக்கைக் கடித்துக்கொண்டு அவர் திடீரென்று சொன்னார்: "எடம் பத்தலேன்னு ஆளுக்கு ஒரு பக்கம் போறதெல்லாம் வேணாம். மாடி எடுத்துருவோம். ஒரே வீட்டுல இருப்போம்." ராஜு தலையை ஆட்டினான். செல்வி என்னைப் பார்த்தாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். உள்ளே போய் நின்று சிரித்துக்கொண்டேன் என்பது வேறு விஷயம்.

மாடி எடுக்க வந்த கண்ட்ராக்டர் பெயர் ஆ லெக். சீனர். ஆனால் லாயாங் லாயாங் தோட்டத்துப் பக்கம் அவருடைய அப்பா கடை வைத்திருந்தாராம், அதனால் நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். திட்டுவதும் தமிழில்தான். முதல் நாள் ஒரு பெரிய காகிதத்தை மேசையில் விரித்தார். எனக்குப் படிப்பு தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். படம் பார்ப்பதற்கு என்ன படிப்பு வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் காகிதத்தை என் பக்கம் இழுத்தேன். நன்றாகப் பார்த்துவிட்டு, "என்னா தவுக்கே, அடுப்பங்கரையக் கொண்டாந்து தெருவாசல்ல வச்சிருக்கீங்க?" என்று அந்த முதலாளியிடம் ஒரு போடு போட்டேன்.

ஆ லெக் காகிதத்தைப் பிடித்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வைத்தார். அடுப்பங்கரை பின்னால் போய்விட்டது.

"இப்ப சரியா யம்மா?"

"இப்ப சரிதான்" என்றேன். விட்டுக்கொடுப்பேனா?

படிக்கட்டு விஷயத்தில்தான் அவருக்கும் எனக்கும் ஒத்துப்போனது. லாபம், நட்டம், லாபம், நட்டம் என்று படியை எண்ணிக்கொண்டு வந்தால் கடைசிப் படி லாபத்தில் முடியவேண்டும், அது நம் கணக்கு. ஆ லெக் பதினான்கு படி என்றால் கட்டவே மாட்டேன் என்றார், நாலு வரும் எண் அவர்களுக்கு ஆகாது. பதினைந்து என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மாக்சிக் என்றுதான் கூப்பிடுவோம், சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான், ஆகையால் அவர் கையெழுத்துப் போட்டால்தான் மாடி எடுக்க முடியும். கையெழுத்துப் போட ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: மேலே துணி காயப்போட்டால் தண்ணீர் அவர் துணிமேல் சொட்டக் கூடாது. அந்த வாக்கை நாங்கள் முக்கால்வாசி காப்பாற்றினோம்.

கூரையைப் பிரித்த வாரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயைக் கட்டினோம். அது நடுவில் தொப்பை போட்டுக்கொண்டு தொங்கும். ராஜு அடியில் நின்று துடைப்பக் கட்டையால் குத்தித் தண்ணீரை வெளியே தள்ளுவான். நான் குடை பிடிப்பேன், குடையின் கீழ் செல்வி தோசை ஊற்றுவாள். பிள்ளைகளுக்கு அதைவிடச் சந்தோஷம் வாழ்நாளில் இருந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் போய் "எங்க வீட்டுல கூர இல்ல" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆசிரியை பதறிப்போய் ஒரு மூட்டைப் பழைய துணி கொடுத்தனுப்பினார்.

தளம் ஊற்றிய நாளைத்தான் சொல்ல வந்தேன். அப்போது உருளை லாரியெல்லாம் இந்தச் சந்துக்குள் வராது. ஒரு சின்னக் கலவை இயந்திரத்தை வாசலில் வைத்து ஓட்டினார்கள். ஒரு பக்கம் ஊற்றி மறு பக்கம் காய விட்டால் தளம் விரிசல் விடும், எல்லாம் ஒரே நாளில் முடியவேண்டும் என்று ஆ லெக் சொல்லிவிட்டார். ராஜுவின் கிடங்கு ஆட்கள் வந்தார்கள், லாரிக்காரர்கள் வந்தார்கள், எங்கள் ஃபேக்டரிப் பெண்கள் காலை ஷிப்டு முடிந்து சீருடையோடு வந்தார்கள், மாக்சிக் வீட்டு மாப்பிள்ளை வந்தார். வாசலிலிருந்து ஏணி வழியாக மேல் வரைக்கும் வரிசை கட்டி நின்று வாளி வாளியாகக் கைமாற்றினோம். நிறைந்த வாளி மேலே போகும், வெற்று வாளி கீழே வரும். நானும் செல்வியும் அன்றைக்கு லீவு போட்டிருந்தோம். வேலை நாளில் இரண்டு பேருக்கும் சேர்ந்து லீவு கிடைத்தது அதுதான் முதல் தடவை. வரிசையில் அடுத்தடுத்து நின்று நாள் முழுதும் பேசினோம். மூன்று நிமிடப் பேச்சிலேயே பழகியதால் முதல் ஒரு மணி நேரம் என்ன பேசுவதென்றே தெரியவில்லை.

ஐந்து மணிக்குச் சாப்பாடு. சார்டின் கறி, பருப்பு, பொரித்த கருவாடு, மாக்சிக் கொண்டுவந்த சம்பால். கையை எத்தனை தரம் கழுவினாலும் சிமெண்டு வாசம் போகவில்லை. அந்த வாசத்தோடேயே சோற்றைப் பிசைந்து, தெருவில் பாய் விரித்து, நாற்பது பேருக்கு மேல் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு எவ்வளவோ விருந்து சாப்பிட்டிருக்கிறேன். சிமெண்டு வாசம் வந்தால் இந்த வயிறு அந்தச் சோற்றைத்தான் கேட்கிறது.

ஐந்து மாதத்தில் மாடி முடிந்தது. மேலே இரண்டு அறை, முன்னால் ஒரு சின்னக் கூடம், குளிக்க ஓர் இடம். நல்ல நாள் பார்த்து மேலேயே அடுப்பு வைத்துப் பால் காய்ச்சினோம். பால் பொங்கி நல்ல திசையில் வழிந்தது. எல்லாருக்கும் பலகாரம் கொடுத்து அனுப்பினோம். சாயங்காலம் ஆனது. பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டேன். படுக்கிற நேரம் வந்தது. யாரும் பாயை எடுக்கவில்லை.

நான் செல்வியைப் பார்த்தேன், செல்வி என்னைப் பார்த்தாள்.

"நீங்க மேல போகலியாக்கா?"

"நானா? நான் எதுக்குடி மேல போறேன்? உங்களுக்குத்தானே கட்டினது!"

"ஐயோ, மூத்தவங்க கீழ இருக்க நாங்க மேலயா? உங்க தலைக்கு மேல நான் எப்படிக்கா நடப்பேன்?"

ஐந்து மாதம். திசை பார்த்தோம், நாள் பார்த்தோம், படியை எண்ணினோம், பக்கத்து வீட்டுத் துணிக்குக்கூட வழி சொன்னோம். மேலே யார் படுப்பது என்று ஒருவரும் வாயைத் திறந்து கேட்கவில்லை. மூத்தவர்கள்தான் உயரத்தில் இருக்கவேண்டும், இதைக் கேட்கவா வேண்டும் என்று அவர்கள் இருந்திருக்கிறார்கள். இளம் கால், படி ஏற வசதி, அவர்கள்தான் போவார்கள் என்று நாங்கள் இருந்திருக்கிறோம். எனக்கு அடுப்பு கீழே, சாமி கீழே. சாமி மேடைக்கு மேல் காலை வைத்து நடக்க எனக்கும் மனசு வராது. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பேப்பரை விரித்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு ஒன்பது பேரும் பழையபடி கீழேயே படுத்தோம். மறுநாளும் அப்படியே. ஒரு வாரம், இரண்டு வாரம். புதுச் சுண்ணாம்பு மணக்க இரண்டு அறை மேலே காலியாகக் கிடக்க, கீழே ராஜுவின் கால் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மேலே துணிதான் காயப்போட்டோம். தாமான் முழுக்கச் சிரித்தது. ஒரு நாள் ஆ லெக் சுவரில் ஈரம் இறங்குகிறதா என்று பார்க்க வந்தார். மேலே போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"யம்மா, இந்த ரூமு யாருக்கு கட்டுனது? பேய்க்கா?"

"பேய் வந்தா வாடக வாங்கிக்கிறோம், நீங்க டீயக் குடிங்க" என்றேன்.

வாய்தான் சிரித்தது. ஆறாவது வாரம் ராஜுவுக்கு வேலையிடத்தில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். தொழிலாளர் பிளாட்டில் வீடு காலியாகிறது, வேண்டுமென்றால் மாத முடிவுக்குள் வரலாம் என்று. செல்விதான் அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். எங்கள் வீட்டுக் கடிதமெல்லாம் அவள்தான் வாசிப்பாள். வாசித்து முடித்து, மடித்து, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறாள். "பிளாட்டுல தண்ணி நல்லா வரும்" என்றேன். என்னை அந்த நேரத்தில் யாராவது ஓர் அறை விட்டிருக்கலாம்.

அவளை எப்படித் தடுப்பது? மேலே இரு என்றால் தலைக்கு மேல் நடக்கமாட்டேன் என்கிறாள். கீழேயே இரு என்றால் மாடி எதற்கு. போகாதே என்று கெஞ்ச எனக்கு வரவில்லை. மூத்த மருமகள் அல்லவா நான். ஒரு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். பிள்ளைகளைக் கையில் வாங்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, "அக்கா, வர்ற ஞாயித்துக்கெழம சாமான் ஏத்துறோம்" என்றாள். நான் "ம்" என்று பஸ் ஏறிவிட்டேன். அன்றைக்கு நான் குத்திய பலகையில் பாதி தலைகீழ். மேற்பார்வை பார்க்கும் மலாய்க்காரப் பெண் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காக், சாகிட்கா?" என்றாள். உடம்பு சரியில்லையா என்று கேட்கிறாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை, அரை நாள் பள்ளிக்கூடம், எல்லாரும் வேலைக்குப் போயாயிற்று. நான் தலைக்குக் குளித்தேன். சாமி மேடையின் முன்னால் நின்று, "கோவிச்சுக்காதீங்க, வேற வழி தெரியல" என்றேன். முருகன் படத்தைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பதினைந்து படி ஏறினேன். அப்புறம் மாரியம்மன். அப்புறம் பித்தளை விளக்கு, மணி, திருநீற்றுத் தட்டு. ஆறு நடை. மாக்சிக் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, வீடு மாறுகிறீர்களா என்றார். "நாங்க இல்ல மாக்சிக், சாமிதான் மாறுது" என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார்.

மூன்று மணிக்குப் பஸ் வந்தது. செல்வி இறங்கினாள். பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு நான் பஸ் படியில் ஒரு காலை வைத்தேன்.

"சாமிய மேல ஏத்திட்டேன்."

"ஏங்க்கா? என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. இனிமே அதுக்கு மேல யாரும் நடக்க முடியாது. ஆனா எனக்கு இந்த வாரம் மத்தியான ஷிப்டு. சாயங்காலம் வெளக்கு வைக்க மேல ஆளு வேணும். நீ பாட்டுக்குப் பிளாட்டுக்குப் போயிட்டா சாமி இருட்டுலயா கெடக்கும்? யோசிச்சுப் பாத்துக்க."

டிரைவர் ஹாரன் அடித்தார். செல்விக்குச் சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது.

"அக்கா, 'போகாதடி'ன்னு ஒரு வார்த்த சொன்னா வாயா வலிச்சிரும்? அதுக்கு எதுக்கு சாமியத் தூக்கிட்டு மாடி ஏறுறீங்க?"

"வலிக்கும்டி" என்றேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் ஏறியதும் பஸ் நகர்ந்துவிட்டது. நான் ஓடிப்போய் ஒரு சன்னலைத் தள்ளித் தலையை வெளியே விட்டு, "போகாதடி!" என்று கத்தினேன். அவளுக்குக் கேட்டதோ என்னவோ, பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. ஃபேக்டரியில் ஒரு மாதத்துக்கு என்னைப் பார்த்தவர்களெல்லாம் அதையே சொல்லிக் கேலி பண்ணினார்கள். சீனப் பெண்கள்கூடப் பண்ணினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏறியது. லாரியில் இல்லை, மாடியில்.

அப்போதும் செல்வி முழுசாக விடவில்லை. சாமிக்கு வழி பிறந்துவிட்டது, அக்காவும் மாமாவும் இன்னும் கீழேதானே? ராஜு ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தான். கீழே எங்கள் கட்டில் எந்தச் சுவரிலிருந்து எத்தனை முழம் என்று அளந்தான். அதே கயிற்றை மேலே கொண்டுபோய்ப் பிடித்து, கட்டில் வரும் இடத்தில் கரியால் ஒரு கட்டம் போட்டான். கரி அழிந்துபோகும் என்று, வாசல் கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த சிவப்புச் சாயத்தால் செல்வி அதன்மேல் கோடு இழுத்தாள். அந்தக் கட்டத்துக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. அலமாரியை அதில் வைத்தால் இடம் மிச்சமாகும் என்று நானே சொல்லிப் பார்த்தேன். "உங்க தலையில அலமாரிய வைக்கச் சொல்றீங்களா?" என்று ராஜு கோபித்துக்கொண்டான். ஆக, இடம் போதவில்லை என்று மாடி எடுத்துவிட்டு, அந்த மாடியிலேயே ஒரு கட்டில் அளவுக்கு இடத்தைச் சும்மா போட்டு வைத்தோம்.

பன்னிரண்டு வருடம் அந்தக் கட்டத்தைச் சுற்றித்தான் எல்லாரும் நடந்தார்கள். பிள்ளைகள் விளையாடும்போது கால் பட்டுவிட்டால், புத்தகத்தை மிதித்தால் செய்வோமே, அது மாதிரி குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஓடுவார்கள். புதிதாக வந்த பக்கத்துத் தெருப் பிள்ளைகள் அதை நொண்டி விளையாடும் கட்டம் என்று நினைத்து அடி வாங்கியிருக்கிறார்கள். ஒரு தடவை என் நடு மகனை, கணக்கில் முட்டை வாங்கியதற்காகப் பிரம்பால் இரண்டு போட்டேன். அவன் அழவே இல்லை. நேராக மேலே போய், கட்டத்துக்கு நடுவில், ஒற்றைக் காலில் நின்றானாம். பெரியம்மா தலையிலேயே நிக்கிறான் என்று செல்வியின் சின்னவன் ஓடிவந்து கோள் சொன்னான். நான் கட்டிலில் உட்கார்ந்து மேலே பார்த்தேன். பிரம்பை எடுத்துக்கொண்டு போகலாம் என்று எழுந்தவள், சிரிப்பு தாங்காமல் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு செல்வியின் மூத்தவன் வேலைக்குப் போய் உலு திராமில் வீடு வாங்கினான். சந்தோஷமாகத்தான் அனுப்பினோம். இந்தத் தடவை 'போகாதே' என்று சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, பிள்ளை வாங்கிய வீடு. ராஜு இப்போது இல்லை. என் வீட்டுக்காரரும் போய்விட்டார். என் நடு மகன்தான், ஒற்றைக் காலில் நின்றவன், மனைவியோடு மேலே இருக்கிறான். சிங்கப்பூரில் வேலை. இருட்டோடு மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவான். சாமி மேலேதான் இருக்கிறது, மருமகள் விளக்கேற்றுகிறாள், நல்ல பெண்.

மூன்று வருடத்துக்கு முன்னால் மேலே தரை முழுக்க டைல்ஸ் போட்டார்கள். வெள்ளை டைல்ஸ், முகம் பார்க்கலாம். மகனிடம், "அந்தச் செவப்புக் கட்டம் ஞாபகம் இருக்காய்யா?" என்று கேட்டேன். "எந்தக் கட்டம்மா?" என்றான். ஒற்றைக் காலில் நின்றதைச் சொன்னேன். "சும்மா சொல்லாதீங்கம்மா" என்று சிரிக்கிறான். கலாவைக் கேட்டேன், அவளுக்குக் கட்டம் ஞாபகம் இருக்கிறது, எதற்குப் போட்டது என்பது ஞாபகம் இல்லை. மருமகள் உடம்பு குறைய நடக்கிற இயந்திரம் ஒன்று வாங்கினாள். அதை வைக்க இடம் தேடி, சரியாக என் கட்டிலுக்கு நேர் மேலே வைத்தாள். தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் தடதடவென்று என் தலைமேல் ஓடுகிறாள். ஓடட்டும், சர்க்கரை குறையட்டும்.

போன மாதம் செல்வி வந்திருந்தாள். அவளுக்கும் அறுபது தாண்டி எத்தனையோ ஆகிறது, முட்டிவலி. இருந்தாலும் சாமி கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்று படி ஏறினாள். மருமகள் கடைக்குப் போயிருந்தாள். நான் கீழே கட்டிலில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். மெதுவாகப் பதினைந்து படி. சாமி பக்கம் போனாள், மணி அடித்தாள். அப்புறம் நடந்து என் அறைக்கு மேலே வந்தாள். வந்தவள் நின்றாள். பிறகு அந்தக் காலடி சுவரோரமாகத் திரும்பியது. அவ்வளவு சுத்தமாக, ஒரு மூலை, இரண்டு மூலை, சுற்றிக்கொண்டு சன்னல் பக்கம் போனது. இயந்திரம் அந்தக் கட்டத்தில் பாதியைத்தான் அடைத்திருக்கிறது, மிச்சத்தில் கோடும் இல்லை, ஒன்றும் இல்லை, வெள்ளை டைல்ஸ்தான்.

"அக்கா!" மேலேயிருந்து சத்தம் வந்தது. "இந்த மெஷின யாருக்கா உங்க தலமேல வச்சது?"

"உன் மருமகதான். கீழ வாடி, டீ ஆறுது."

வந்தாள். இரண்டு பேரும் டீயைக் குடித்தோம். மருமகள் திரும்பி வந்து, என்ன இப்படிச் சிரிக்கிறீர்கள் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றோம். ஐந்து மணிக்குச் செல்வியின் மகன் காரில் வந்து அவளை அழைத்துக்கொண்டு போனான். ஆறு மணிக்கு மேலே இயந்திரம் ஓட ஆரம்பித்தது.